சி ப்ரோகிராமுக்கு கமாண்ட் லைனிலிருந்து தகவல் கொடுப்பது: ஆர்க்சி, ஆர்க்வி முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனிப் பக்கம் போனவர்களுக்கு ஜிஎஸ்எம் கட்டர் தெரிந்திருக்கும். துணி மேல் வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் வட்டமாக ஒரு துண்டு வரும், அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதைச் சின்னத் தராசில் போட்டு, கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அதாவது ஜிஎஸ்எம். 1.62 கிராம் வந்தால் 162. ஒரு லாட்டில் நாலைந்து இடத்தில் வெட்டி சராசரி பார்ப்பார்கள், பையர் கேட்ட அளவுக்கு இத்தனை சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று ஒரு எல்லையும் இருக்கும்.

இந்தக் கணக்குக்கு நான் ஒரு குட்டி சி ப்ரோகிராம் எழுதி வைத்திருந்தேன். ஸ்கேன்எஃப் போட்டது. எத்தனை சாம்பிள், முதல் எடை என்ன, இரண்டாவது என்ன என்று வரிசையாகக் கேட்கும். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு க்யூசி, அதாவது தரப் பரிசோதனை, பார்க்கும் தம்பி சொன்னான்: "ஏனுங்கண்ணா, இது கேள்வி கேட்டுட்டே இருக்குதுங். ஒரே வரியில அடிச்சுட்டுப் போக முடியாதுங்களா?"

முடியும், அதற்குத்தான் கமாண்ட் லைன் ஆர்குமென்ட்: ப்ரோகிராமை ஓட்டும் வரியிலேயே அதன் பெயருக்குப் பின்னால் சேர்த்து அடிக்கும் தகவல். அந்த ஜிஎஸ்எம் ப்ரோகிராமையே இங்கே படிப்படியாகக் கட்டப்போகிறோம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். ப்ரோகிராம் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். பெருந்துறையில் படிக்கும் அக்கா மகனுக்கு இதையெல்லாம் போனில் வரிவரியாகச் சொன்னேன், அவன் கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டான், அதே மாதிரிதான் இதுவும். சி மொழியின் சொற்களையும் ஃபங்ஷன் பெயர்களையும் நீங்கள் கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். எடை, மீதி, மொத்தம் என்று நான் வைத்த வேரியபிள் பெயர்களை மட்டும் தமிழிலேயே விட்டாலும் பரவாயில்லை, 2020இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர் முதல் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. நான் லினக்ஸை வைத்துச் சொல்கிறேன், விண்டோஸ் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: என்ன வருகிறது என்று பார்ப்பது

கணக்கெல்லாம் அப்புறம். முதலில் வந்ததை வந்தபடி காட்டும் ஒரு ப்ரோகிராம். ஸ்டிடிஐஓ.எச் இன்க்ளூட் செய்துவிட்டு:

    இன்ட் மெயின்(இன்ட் ஆர்க்சி, சார் *ஆர்க்வி[])
    {
        ஃபார் (இன்ட் ஐ = 0; ஐ < ஆர்க்சி; ஐ++)
            பிரின்ட்எஃப்("%டி: [%எஸ்]\என்", ஐ, ஆர்க்வி[ஐ]);
        ரிட்டர்ன் 0;
    }

ஆர்க்சி என்பது ஆர்குமென்ட் கவுன்ட், எத்தனை வந்திருக்கிறது என்ற எண்ணிக்கை. ஆர்க்வி என்பது ஆர்குமென்ட் வெக்டர், வந்த ஒவ்வொன்றையும் சுட்டும் பாயின்டர்களின் வரிசை. பெயரை மாற்றி வைத்தாலும் ஓடும், ஆனால் உலகமே இந்தப் பெயரில் எழுதும்போது நாம் தனி வழி போக வேண்டியதில்லை. *ஆர்க்வி[] என்றும் **ஆர்க்வி என்றும் இரண்டு விதமாகப் பார்ப்பீர்கள், மெயினின் பாராமீட்டராக இரண்டும் ஒன்றுதான். சதுர அடைப்புக்குறிக்குள் அச்சடிப்பதை விட்டுவிடாதீர்கள், ஓரத்தில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

இதை பார்.சி என்ற பெயரில் சேமித்துவிட்டு, கம்பைல் செய்து ஓட்ட:

    ஜிசிசி -வால் -ஓ பார் பார்.சி
    ./பார் 1.62 1.58

வால் என்பதில் முதல் எழுத்து பெரிய டபிள்யூ. விடை இப்படி வரும்:

    0: [./பார்]
    1: [1.62]
    2: [1.58]

நாம் கொடுத்தது இரண்டு, ஆனால் ஆர்க்சி மூன்று. பூஜ்ஜியமாவது இடத்தில் ப்ரோகிராமின் பெயரே உட்கார்ந்திருக்கும், நம்முடையது ஒன்றிலிருந்துதான் தொடங்கும். கடைசிக்கும் அடுத்து, அதாவது ஆர்க்வி[ஆர்க்சி] என்ற இடத்தில், எதையும் சுட்டாத நல் பாயின்டர் இருக்கும் என்று சி மொழியின் தரநிலையே உறுதி சொல்கிறது. அதனால் ஆர்க்சியைத் தொடாமல் நல் வரும்வரை ஓட்டும் லூப்பும் எழுதலாம்.

முன்னால் அந்தப் புள்ளியும் சாய்கோடும் எதற்கு என்று அக்கா மகன் கேட்டான். நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் ப்ரோகிராமுக்கு ஷெல் என்று பெயர். நாம் நிற்கும் ஃபோல்டரில் ஷெல் தானாகத் தேடாது, பாத் என்ற பட்டியலில் உள்ள இடங்களில் மட்டும் தேடும், அதனால் "இங்கே இருப்பதை ஓட்டு" என்று நாம்தான் காட்ட வேண்டும். அவன் தன் ப்ரோகிராமுக்கு டெஸ்ட் என்று பெயர் வைத்து, புள்ளி சாய்கோடு இல்லாமல் டெஸ்ட் என்று மட்டும் அடித்து, "ஒண்ணுமே வரலை மாமா" என்று அரைமணி நேரம் தலையைச் சொறிந்தான். டெஸ்ட் என்று ஷெல்லுக்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது, ஓடியது அது, அதற்கு வாய் கிடையாது. அந்தப் பெயரை மட்டும் வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: வெட்டுவது யார்

பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது, அதனால் இங்கே கொஞ்ச நேரம் நிற்போம். நீங்கள் எண்டர் தட்டியதும் அந்த வரி நேராக உங்கள் ப்ரோகிராமுக்குப் போவதில்லை. நடுவில் ஷெல் இருக்கிறது. அது கட்டிங் மாஸ்டர் மாதிரி: துணியை எங்கே வெட்டுவது, எத்தனை பீஸ் என்பதெல்லாம் அதன் முடிவு. உங்கள் மெயின் ஃபங்ஷன் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் டெய்லர், வெட்டிக் கட்டி வந்த பண்டல்தான் கைக்கு வரும், முழுத் துணியைக் கண்ணால் பார்க்கக்கூட முடியாது.

இதைப் படித்தால் பத்தாது, பார் ப்ரோகிராமை வைத்து ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள்.

    ./பார் சிங்கிள் ஜெர்சி
    ./பார் "சிங்கிள் ஜெர்சி"

முதல் வரியில் இரண்டு ஆர்குமென்ட், இரண்டாவதில் ஒன்று. மேற்கோள் குறி ப்ரோகிராமுக்கு வந்து சேராது, அது ஷெல்லுக்குச் சொன்ன சேதி, வேலை முடிந்ததும் கழன்றுவிடும். வெறும் "" கொடுத்தாலும் அது ஒரு ஆர்குமென்ட்தான், நீளம் பூஜ்ஜியம், ஆனால் ஆர்க்சியில் எண்ணப்படும். இதை நினைவில் வையுங்கள், நாலாம் படியில் தேவைப்படும்.

    ./பார் *.சி

நட்சத்திரக் குறி வராது. அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா சி ஃபைல்களின் பெயர்களும் தனித்தனியாக வரும், விரித்துக் கொடுப்பது ஷெல். பொருந்தும் ஃபைல் ஒன்றுமே இல்லையென்றால் பாஷ் ஷெல் நட்சத்திரத்தை அப்படியே அனுப்பிவிடும். கால்குலேட்டர் எழுதிவிட்டு 5 * 3 என்று கொடுத்து, விடைக்குப் பதில் கன்னாபின்னாவென்று ஏதோ வந்தவர்கள் எல்லாரும் விழுந்தது இந்தக் குழியில்தான். அங்கே நட்சத்திரத்துக்கு மேற்கோள் போட்டே ஆக வேண்டும்.

    ./பார் "$500"

வருவது [00]. டாலருக்குப் பின்னால் வரும் 5 என்பதை ஷெல் ஒரு வேரியபிள் என்று எடுத்துக்கொள்ளும், அதில் ஒன்றும் இல்லை, மிச்சம் இரண்டு பூஜ்ஜியம். ஒற்றை மேற்கோள் போட்டால் தொடாமல் விட்டுவிடும்.

விண்டோஸில் கதை வேறு. அங்கே கட்டளை அடிக்கும் சிஎம்டி முழு வரியையும் ஒரே நீளமாகக் கொடுக்கும், அதைத் துண்டு போடுவது உங்கள் ப்ரோகிராமோடு சேர்ந்து வரும் சி ரன்டைம். சிஎம்டி நட்சத்திரத்தை விரிக்காது, ஒற்றை மேற்கோளை மேற்கோளாகவே மதிக்காது. லினக்ஸில் ஓடியது அங்கே ஓடவில்லை என்றால் உங்கள் கோடைச் சந்தேகப்படும் முன் பார் ப்ரோகிராமை அங்கே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் தமிழ். ./பார் துணி என்று கொடுத்தால் லினக்ஸில் ஒழுங்காக வரும். ஆனால் எஸ்டிஆர்லென் போட்டு நீளம் கேட்டால் 12 என்று சொல்லும். நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து; யூனிகோடுக்கு த, உகரக் குறி, ண, இகரக் குறி என்று நான்கு; யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். சி எண்ணுவது பைட்டை. விண்டோஸில் சாதாரண மெயினுக்குத் தமிழ் ஆர்குமென்ட் பொதுவாகக் கேள்விக்குறிகளாகத்தான் வந்து சேரும், அங்கே டபிள்யூமெயின் என்ற அகல எழுத்து வடிவம்தான் கைகொடுக்கும்.

மூன்றாம் படி: எண்ணிக்கையைச் சரிபார்ப்பது

ஒன்றுமே கொடுக்காமல் ஓட்டினால்? ஆர்க்வி[1] நல், அதை எண்ணாக மாற்றப் போனால் ப்ரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழும். ஆகவே மெயினின் முதல் வேலை:

    இஃப் (ஆர்க்சி < 2) {
        எஃப்பிரின்ட்எஃப்(எஸ்டிடிஎர், "பயன்பாடு: ஜிஎஸ்எம் எடை1 [எடை2 ...]\என்");
        ரிட்டர்ன் 2;
    }

திட்டுவதை எஸ்டிடிஎர் என்ற, பிழைச் செய்திக்கென்றே உள்ள தனி வழியாக அனுப்புங்கள், சாதாரண பிரின்ட்எஃப்பில் வேண்டாம். விடையை யாராவது ஃபைலுக்குத் திருப்பி விட்டிருந்தால் பிழைச் செய்தியும் அந்த ஃபைலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ரிட்டர்ன் மதிப்புக்கும் அர்த்தம் உண்டு, பூஜ்ஜியம் என்றால் நல்லபடி முடிந்தது, மற்றது எல்லாம் ஏதோ கோளாறு. எக்கோ $? என்று அடித்தால் கடைசியாக ஓடியது என்ன மதிப்போடு முடிந்தது என்று தெரியும். வாய்ட் மெயின் என்று எழுதிப் பழகியவர்கள் தயவுசெய்து இங்கேயே விட்டுவிடுங்கள்.

பயன்பாட்டுச் செய்தியில் பலர் ஆர்க்வி[0]ஐ அச்சடிப்பார்கள், நான் பெயரை நேராகவே எழுதிவிட்டேன். காரணம் இருக்கிறது. ஆர்க்வி[0] கட்டாயம் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட பிகேஎக்ஸெக் என்ற லினக்ஸ் ப்ரோகிராமில், ஆர்க்சி பூஜ்ஜியமாக வரும்படி ஓட்டினால் யார் வேண்டுமானாலும் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர், ஆகிவிடலாம் என்ற ஓட்டை 2009 முதல் இருந்திருக்கிறது, குவாலிஸ் நிறுவனம் அதை வெளியிட்டது 2022 ஜனவரியில். அதன் பிறகு லினக்ஸ் கெர்னல் 5.18இல், யாராவது காலியாக அனுப்பினால் கெர்னலே ஒரு வெற்று ஸ்ட்ரிங்கை வைத்து அனுப்பும்படி மாற்றினார்கள். ஒரு ஆர்குமென்டை எண்ணாமல் விட்டதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்த பில் அது.

நாலாம் படி: எழுத்தை எண்ணாக்குவது

1.62 என்று நீங்கள் அடித்தாலும் உள்ளே வருவது எண் இல்லை, ஒன்று, புள்ளி, ஆறு, இரண்டு என்ற நான்கு எழுத்து. வெளியிலிருந்து வருவது எல்லாமே எழுத்துதான். மாற்றுவது நம் பொறுப்பு.

பாடங்களில் ஏடாய், ஏடாஃப் என்ற இரண்டைக் காட்டுவார்கள். நானும் முதலில் ஏடாஃப்தான் போட்டிருந்தேன், பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு லாட்டுக்கு நான்கு எடை: 1.62, 1.58, 1.65, 1.60. அடித்தவர் அவசரத்தில் மூன்றாவதைப் புள்ளிக்குப் பதில் கமா போட்டு 1,65 என்று அடித்துவிட்டார். ஏடாஃப் கமாவைப் பார்த்ததும் நின்றுவிடும், அதுவரை படித்தது 1, அதையே கொடுத்துவிடும், மூச்சு விடாது. 162, 158, 100, 160, சராசரி 145. வேண்டியது 160, ஐந்து சதவீதம் கழித்தாலும் 152. லாட் ஃபெயில் என்று அரைநாள் ஓரமாக நின்றது, சாயப்பட்டறைக்குப் போன் போட்டுச் சண்டையும் ஆயிற்று. நிஜ சராசரி 161.25. துணியில் ஒரு குற்றமும் இல்லை, என் கோடில்தான்.

எழுத்தே கொடுத்தாலும் ஏடாய் பூஜ்ஜியம் என்று சொல்லும், நிஜமாகவே பூஜ்ஜியம் கொடுத்தாலும் அதையே சொல்லும். எண் இன்ட்டில் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருந்தால் என்ன நடக்கும் என்று தரநிலையே கைவிரித்துவிடுகிறது. அதனால் ஸ்டர்டாட். ஸ்ட்ரிங் டு டபுள் என்பதன் சுருக்கம், ஸ்டிடிலிப்.எச்சில் இருக்கிறது. எங்கே நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

    டபுள் மொத்தம் = 0;
    ஃபார் (இன்ட் ஐ = 1; ஐ < ஆர்க்சி; ஐ++) {
        சார் *மீதி;
        டபுள் எடை = ஸ்டர்டாட்(ஆர்க்வி[ஐ], &மீதி);
        இஃப் (மீதி == ஆர்க்வி[ஐ] || *மீதி != '\0' || !(எடை > 0 && எடை < 10)) {
            எஃப்பிரின்ட்எஃப்(எஸ்டிடிஎர், "%டி-வது எடை சரியில்லை: [%எஸ்]\என்", ஐ, ஆர்க்வி[ஐ]);
            ரிட்டர்ன் 2;
        }
        மொத்தம் += எடை * 100;
    }
    பிரின்ட்எஃப்("சராசரி %.2எஃப்\என்", மொத்தம் / (ஆர்க்சி - 1));

இஃப்பில் மூன்று கேள்வி. மீதி ஆரம்பத்திலேயே நின்றால் ஒரு எண்ணும் கிடைக்கவில்லை. மீதி நின்ற இடம் ஸ்ட்ரிங்கின் முடிவு இல்லையென்றால் பின்னால் குப்பை ஒட்டியிருக்கிறது, 1,65 மாட்டுவது இங்கே. முதல் கேள்வி எதற்குத் தனியாக என்றால், முன்பு சொன்ன "" இருக்கிறதே, அதில் நின்ற இடமே முடிவும்கூட, இரண்டாவது கேள்வியில் அது தப்பித்துவிடும். மூன்றாவது நம் தொழில் சார்ந்தது: 100 சதுர சென்டிமீட்டர் பனியன் துணி 10 கிராம் வராது. அதை எடை <= 0 என்று திருப்பி எழுதாமல் !(...) என்று எழுதியதும் வேண்டுமென்றேதான். ஸ்டர்டாட் "நான்" (நாட் எ நம்பர், எண் அல்லாதது) என்ற சொல்லையும் "இன்ஃப்" (இன்ஃபினிட்டி, முடிவிலி) என்ற சொல்லையும் எண்ணாக ஏற்கும், "நான்" மதிப்பை எதோடு பெரிதா சிறிதா என்று ஒப்பிட்டாலும் பொய் என்றே வரும், ஆகவே "சரியான எல்லைக்குள் இருக்கிறதா, இல்லையென்றால் வெளியே போ" என்று கேட்டால்தான் அது பிடிபடும்.

முழு எண் வேண்டுமென்றால் ஸ்டர்டால். கூப்பிடும் முன் எர்னோ என்ற பிழை எண் வேரியபிளைப் பூஜ்ஜியமாக்கி, கூப்பிட்ட பின் இரேஞ்ச் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், ஆகியிருந்தால் எண் லாங்கில் அடங்கவில்லை. மூன்றாவது இடத்தில் அடிமானம் கேட்கும், 10 என்று கொடுங்கள். பூஜ்ஜியம் கொடுத்தால் தானாகக் கண்டுபிடிக்கும் என்று சிலர் எழுதுவார்கள், நிஜம்தான், ஆனால் 010 என்று லாட் நம்பர் அடித்தால் அதை எட்டை அடிமானமாகக் கொண்ட முறை என்று எடுத்துக்கொண்டு 8 ஆக்கிவிடும்.

ஐந்தாம் படி: ஆப்ஷன்கள்

இலக்கு ஜிஎஸ்எம்மும் சதவீதமும் கொடுக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் இல்லை. இப்படி:

    ./ஜிஎஸ்எம் -ஜி 160 -பி 5 1.62 1.58 1.65 1.60

நாமே ஆர்க்வியை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கலாம். அப்படிச் செய்தால் ஒப்பிட == போடாதீர்கள், அது இரண்டு முகவரியை ஒப்பிடும், எப்போதும் பொய்தான் வரும்; எஸ்டிஆர்சிஎம்பி பூஜ்ஜியம் தருகிறதா என்று பாருங்கள். ஆனால் இரண்டு ஆப்ஷனுக்கு மேல் போனால் கெட்ஆப்ட் மேல். யூனிஸ்டிடி.எச்சில் இருக்கிறது.

    இன்ட் வ;
    வைல் ((வ = கெட்ஆப்ட்(ஆர்க்சி, ஆர்க்வி, "ஜி:பி:எச்")) != -1) {
        ஸ்விட்ச் (வ) {
        கேஸ் 'ஜி': இலக்கு = எண்ணாக்கு(ஆப்ட்ஆர்க், 1000); பிரேக்;
        கேஸ் 'பி': சதவீதம் = எண்ணாக்கு(ஆப்ட்ஆர்க், 100); பிரேக்;
        கேஸ் 'எச்': உதவி(); ரிட்டர்ன் 0;
        டிஃபால்ட்: ரிட்டர்ன் 2;
        }
    }

எண்ணாக்கு என்பது நாலாம் படியின் அந்த மூன்று கேள்வியையும் உச்ச வரம்போடு ஒரு ஃபங்ஷனுக்குள் தூக்கி வைத்தது, அதையும் பயன்பாட்டைக் காட்டும் உதவி ஃபங்ஷனையும் நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஜிக்குப் பின்னால் உள்ள முக்காற்புள்ளி "இதற்கு ஒரு மதிப்பு வேண்டும்" என்று பொருள், அந்த மதிப்பு ஆப்ட்ஆர்க்கில் வரும். எச்சுக்கு அது இல்லை. ஆப்ஷன் எல்லாம் முடிந்த பின் எடைகள் எங்கே தொடங்குகின்றன என்பது ஆப்டின்ட் என்ற வேரியபிளில் இருக்கும், நாலாம் படி லூப்பில் ஐ = 1 என்பதை ஐ = ஆப்டின்ட் என்று மாற்றுங்கள், வகுப்பதும் ஆர்க்சி - ஆப்டின்ட் ஆகும். அது பூஜ்ஜியமா என்று முதலில் பார்க்க வேண்டும், எடையே இல்லாமல் ஆப்ஷன் மட்டும் கொடுக்கும் ஆள் கட்டாயம் ஒருவர் வருவார். மூன்றாம் படியின் ஆர்க்சி < 2 இதைப் பிடிக்காது, அந்தச் சோதனையை இங்கே நகர்த்துங்கள்.

வ என்பதை சார் என்று அறிவிக்காதீர்கள், இன்ட்தான். ஏஆர்எம் லினக்ஸில் சார் என்பது குறியில்லாதது, -1 அங்கே 255 ஆகிவிடும், வைல் நிற்கவே நிற்காது. லேப்டாப்பில் ஓடியது ராஸ்பெர்ரி பையில் தொங்குகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். ஆப்ஷனுக்குத் தமிழ் எழுத்து வைக்கவும் ஆசைப்படாதீர்கள், கெட்ஆப்ட் ஒரே பைட்டைத்தான் பார்க்கும், நம் எழுத்து மூன்று பைட்.

லினக்ஸில் எடைகளுக்குப் பின்னால் -ஜி 160 போட்டாலும் ஓடும், க்னூ கெட்ஆப்ட் ஆர்க்வியையே இடம் மாற்றி ஆப்ஷன்களை முன்னே கொண்டுவந்துவிடும். மேக்கில் அப்படி இல்லை, முதல் எடையைப் பார்த்ததும் நின்றுவிடும். ஆப்ஷன் முன்னால் என்ற பழக்கமே நல்லது. கோடு போட்டுத் தொடங்கும் ஒன்று, -5 மாதிரி, ஆப்ஷன் இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன் தனியாக -- போட வேண்டும்.

ரிட்டர்ன் மதிப்புக்கு நான் கிரெப் என்ற தேடல் கட்டளையின் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன்: லாட் பாஸ் என்றால் 0, ஃபெயில் என்றால் 1, அடித்தது தப்பு என்றால் 2. ஷெல் ஸ்கிரிப்டில் இருந்து ஓட்டும்போது துணி சரியில்லையா, அடித்தவர் சரியில்லையா என்று பிரித்துத் தெரிய வேண்டுமே.

இன்னும் சில குழிகள்

பிரின்ட்எஃப்(ஆர்க்வி[1]) என்று நேராகக் கொடுக்காதீர்கள். உள்ளே சதவீதக் குறி இருந்தால் அதை ஃபார்மட் கட்டளையாக எடுத்துக்கொண்டு மெமரியில் உள்ளதை எல்லாம் கொட்டும், தெரிந்தவன் கையில் மெமரியில் எழுதவும் செய்யும். நீளம் பார்க்காமல் 20 எழுத்து அரேயில் காப்பி செய்வதும் அதே வகைதான்.

பாஸ்வேர்டை ஆர்குமென்டாகக் கேட்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அதே மெஷினில் உள்ள இன்னொருவர், ஓடும் ப்ரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடித்தால் சாதாரணமாகவே முழு வரியும் தெரியும். ஷெல்லின் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும்.

அளவுக்கும் எல்லை உண்டு. கெட்கான்ஃப் ஆர்க்_மேக்ஸ் என்று கேட்டால் வழக்கமான லினக்ஸில் 2097152 பைட் என்று சொல்லும், இரண்டு எம்பி, அதில் என்விரான்மென்ட் வேரியபிள்களும் சேர்த்தி. ஒரே ஆர்குமென்ட் 128 கேபிக்கு மேல் போகவும் முடியாது. க்யூசி தம்பிக்கு அந்தக் கவலை இல்லை. ஆயிரக்கணக்கில் எடை இருந்தால் அது கமாண்ட் லைன் வேலையே இல்லை, ஃபைலில் போட்டுப் படியுங்கள்.

கல்லூரி லேபில் இன்னும் நீலத் திரை டர்போ சி வைத்திருந்தால் அங்கே ரன் மெனுவில் ஆர்குமென்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், ப்ரோகிராம் பெயரை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அதில் அடிக்க வேண்டும். டாஸ் என்பதால் மொத்தமே 127 பைட்தான் இடம், ஃபார் அடைப்புக்குள் இன்ட் ஐ என்று அறிவிப்பதையும் சி ஃபைலில் ஏற்காது, மேலே எடுத்து எழுதுங்கள். கோட் பிளாக்ஸில் ப்ராஜெக்ட் மெனுவில் செட் ப்ரோகிராம்ஸ் ஆர்குமென்ட்ஸ். விஎஸ் கோடில் லாஞ்ச்.ஜேசன் ஃபைலில் ஆர்க்ஸ் என்ற வரிசை. அங்கே ஒவ்வொன்றையும் நாமே தனித்தனி மேற்கோளில் பிரித்து எழுத வேண்டும். ஜிடிபியில் பிழை தேடுவதாக இருந்தால்:

    ஜிடிபி --ஆர்க்ஸ் ./ஜிஎஸ்எம் -ஜி 160 1.62 1,65

மெயினில் பிரேக் போட்டு, ரன் கொடுத்து, நின்றதும் பிரின்ட் ஆர்க்வி[4] என்று கேளுங்கள். கமாவோடு அந்த 1,65 அங்கே உட்கார்ந்திருக்கும்.